ஜம்ஹாரி கிழித்த கல்யாண மெத்தை

பன்யுவாங்கிப் பக்கம், எரிமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் கல்யாணமான ஒவ்வொருத்திக்கும் தாய்வீட்டு மெத்தை உண்டு. மேலும் கீழும் கறுப்பு, ஓரமெல்லாம் சிவப்பு, உள்ளே இலவம்பஞ்சு. அதைக் கத்தரிக்கோலால் கிழித்த ஒரே மாப்பிள்ளை ஜம்ஹாரிதான். ஒரு கேசட்டுக்காகக் கிழித்தார்.

ஜம்ஹாரி கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். சுமினா அதே கல்யாணங்களில் பாடியவள். அவள் குரலெடுத்தால் எரிமலை புகைவதை நிறுத்திவிட்டுக் கேட்கும், நானே பார்த்திருக்கிறேன். மைக்கை நீட்டப் போன ஜம்ஹாரி அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார், கல்யாணமும் ஆனது. பிற்பாடு அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. பேச்சு மிஞ்சியது, பாட்டு போய்விட்டது. எந்தக் கல்யாணத்திலோ ஜம்ஹாரி பதிந்துவைத்த கேசட்டில் மட்டும் பாடிக்கொண்டிருந்தாள்.

அதைக் கேட்கவே மாட்டேன் என்று பல வருடம் பிடிவாதம் பிடித்தாள். ஒருவழியாகச் சம்மதித்தபோது, பழைய மரவீட்டை இடித்து மகன் சிமெண்டு வீடு கட்டியிருந்தான். அந்த முன்னறையில் காலையில் தும்மினால் மதியச் சாப்பாட்டுக்குத் தும்மல் திரும்பி வரும்.

அங்கே கேசட்டைப் போட்டதும், “இது நானில்ல காங்,” என்றாள் சுமினா. காங் என்றால் அண்ணன்; கட்டிய புருஷனையும் அப்படிக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். “தகர டப்பாக்குள்ள எவளோ அழுவுறா. இப்படியா பாடினேன்? அப்போ போச்சே போச்சேன்னு இத்தனை வருஷம் நான் அழுததெல்லாம் வீணா?”

அது ஜம்ஹாரியைத் தைத்துவிட்டது. அவள் பாடியது பாட்டுதான் என்று அவளுக்கே காட்டியாக வேண்டும்.

முதலில் எதிரொலியை அடக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினார். எலிகள் குடும்பத்தோடு குடியேறின. அப்புறம்தான் மெத்தையைக் கிழித்து, மரச்சட்டம் அடித்து, பஞ்சைத் திணித்து, அதே கறுப்புத் துணியால் மூடிச் சுவரில் மாட்டினார்.

“எங்கம்மா குடுத்த மெத்தை மேல சுவரைப் படுக்க வச்சிட்டு என்னைப் பாயில தள்ளிட்டியே. சுவத்துக்கா முதுகு வலிக்குது?”

எதிரொலி குறைந்தது. அவருக்கோ ஆசை அடங்கவில்லை. ஊரில் கிடந்த பழைய தலையணையெல்லாம் வாங்கி வந்து திணித்தார். கடைசியில் அந்த அறை எல்லாச் சத்தத்தையும் விழுங்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுத் தோஹிர் உள்ளே போய்த் தன் பேரைத் தானே கூப்பிட்டுப் பார்த்தான். செத்துத்தான் போய்விட்டோமோ என்று வெளியே ஓடி வந்தான்.

சுமினா கேசட்டை மறுபடி கேட்டாள். “முன்ன டப்பாக்குள்ள இருந்தா. இப்போ தலகாணிக்கு அடியில கெடக்கா. விடு காங், போதும்.”

அதற்குள் மெத்தை காயப்போடும் நாள் வந்துவிட்டது. ஹஜ் மாதத்தில் அந்த ஒரு நாள் எல்லா வீட்டு மெத்தையும் வாசலுக்கு வர வேண்டும், பொழுது சாய்வதற்குள் உள்ளே போய்விட வேண்டும். மெத்தை வராத வீட்டில் புருஷன் பெண்டாட்டி சரியில்லை என்று பேசிவிடுவார்கள். ஆகவே சுமினா சட்டங்களைச் சுவரிலிருந்து கழற்றி, எங்கள் மெத்தைகளின் வரிசையில் சாய்த்து வைத்தாள்.

தோஹிர் விடுவானா? “என்ன காங், மெத்தையைக் கதவா அடிச்சிருக்கே? ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?”

தெருவே சிரித்தது. ஜம்ஹாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய ஒலிபெருக்கியை வாசலுக்கு இழுத்து வந்தார். “எதுக்குன்னு காட்டுறேன், காதைத் தொறந்து கேளு!” என்று கேசட்டைப் போட்டார்.

இரண்டு பக்கமும் தெரு நீளத்துக்கு மெத்தைகள், மேலே திறந்த வானம். முட்டித் திரும்ப எதிரொலிக்கு ஒரு சுவர்கூட இல்லை. குரல் மட்டும் தனியாக நின்றது. வெற்றிலைக் காரம் ஏறிய, விளிம்பில் லேசாகக் கரகரக்கிற அந்தக் குரல். அதைக் கேட்டு எங்களில் பாதிப் பேர் காதலித்திருக்கிறோம், மீதிப் பேர் அடி வாங்கியிருக்கிறோம். தோஹிர் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

சுமினா பிரம்பால் பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டல் மெல்லத் தாளமாகி, பிறகு நின்றது.

“இந்த இடத்துல எனக்கு மூச்சு பத்தல,” என்றாள். “நீ வயர் தடுக்கி விழப் பாத்தே காங். சிரிப்பை அடக்கிக்கிட்டே இழுத்தேன். இரு, இப்போ வரும் பாரு.”

வந்தது. பாட்டின் இரண்டு அடிகளுக்கு நடுவே ஒரு பொடிச் சிரிப்பு. டப்பாவும் தலையணையும் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த சிரிப்பு.

பாட்டு முடிந்தும் ஒருவரும் மெத்தையைத் தொடவில்லை. ஜம்ஹாரி கேசட்டை எடுக்கக் குனிந்தார்.

“திருப்பிப் போடு காங்,” என்றாள் சுமினா. “வெயில் இன்னும் இருக்கு.”