துரு பூசும் பல் டாக்டர்

"இந்தக் கறை வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

நாற்காலியில் மல்லாந்து கிடந்தவரின் வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் இருந்தன. அவர் ஏழு விரல்களைக் காட்டினார். பல் டாக்டர் விளக்கை இழுத்துக் கடைவாய்ப் பக்கம் திருப்பினார். "மேல கறுப்பு, கீழ வர வரப் பழுப்பு, ஈறுகிட்ட லேசா ஆரஞ்சு. டீயா, சிகரெட்டா?" இரண்டும்தான் என்று இரண்டு விரல்கள் வந்தன. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ எழுதினார். நோயாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏதோ பெரிய வியாதியின் பெயரை எழுதுகிறார் என்று நினைத்திருப்பார். டாக்டர் எழுதியது: 'நான்காவது பெட்டி, கதவுக்குக் கீழே, இதே நிறம்.'

கிளினிக்குக்கு நேர் மேலே வீடு. அந்த வீட்டின் பெரிய அறையை ஒரு பொம்மை ரயிலுக்குக் கொடுத்துவிட்டு மனிதர்கள் மற்ற அறைகளில் இடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். 'பொம்மை' என்று டாக்டர் காதுபட யாரும் சொல்லக் கூடாது. 'மாதிரி ரயில்' என்று திருத்துவார். பிளைவுட் மேசைமேல் மலை, குகை, ஸ்டேஷன், சரக்குக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டி. மலை, பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டர். கிடங்கின் செங்கற்களைப் பல் துளைக்கும் கருவியால் ஒவ்வொன்றாகக் கீறியிருக்கிறார். பழைய எக்ஸ்ரே படங்களின் கறுப்பைச் சுரண்டி எடுத்து ஸ்டேஷன் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். யாருடைய கடைவாய்ப் பல்லோ இருந்த இடத்தில் இப்போது டிக்கெட் கவுண்டர் இருக்கிறது.

கட்டடங்களோடு நின்றிருந்தால் வீட்டில் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். சரக்குப் பெட்டிகள்தான் விவகாரம். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். கடையில் புத்தம் புதிதாக வாங்கி வருவார், வந்த கையோடு அதைக் கெடுக்கத் தொடங்குவார். முதலில் துரு நிறம். அது ஈரமாக இருக்கும்போதே உப்பைத் தூவி, மேலே பெட்டியின் நிறத்தை அடிப்பார். காய்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பெயிண்ட் உரிந்து உள்ளே துரு தெரிகிற மாதிரி இருக்கும். பிறகு கலர் சாக்பீஸைச் சுரண்டிய தூளால் புழுதி. பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்து விரலால் சுண்டினால் சேறு. ஒரு பெட்டியைப் பாழாக்க இரண்டு மாதம் ஆகும்.

"கீழ உக்காந்து ஊரான் கறையை எடுக்கிறீங்க. மாடிக்கு வந்து கறை வைக்கிறீங்க. ரெண்டையும் சேர்த்தா இன்னிக்கு நீங்க என்னதான் வேலை பார்த்தீங்க?" என்று கேட்பாள் மனைவி.

"உனக்குப் புரியாது. பளபளன்னு இருந்தா அது ஓடாத வண்டி. ஓடின வண்டிக்குன்னு ஒரு முகம் இருக்கணும்."

"நம்ம வாசல் கேட்டுக்குக்கூடத்தான் அந்த முகம் இருக்கு. ரெண்டு வருஷமாச் சொல்றேன், ஒரு பெயிண்ட் அடிங்கன்னு."

டாக்டர் பதறிவிடுவார். "அதைத் தொட்டுடாத. அதைப் பார்த்துத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்."

இத்தனைக்கும் காரணம், கண்ணாடிக் கடைக்காரர். மாதிரி ரயில் சங்கத்தின் கண்காட்சியில் சிறந்த சரக்கு வண்டிக்கான கேடயத்தை மூன்று வருடமாக அவரே தட்டிக்கொண்டு போகிறார். மூன்று வருடமும் டாக்டருக்கு இரண்டாம் இடம். "அந்த ஆளோட துரு, துரு மாதிரியே இல்ல. தக்காளி மாதிரி இருக்கு" என்பது டாக்டரின் தீர்ப்பு. இந்த வருடம் விடுவதில்லை என்று பதினோரு பெட்டிகளை அழுக்காக்கி முடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கை வார்னிஷ் அடித்தால்தான் வேலை நிலைக்கும். அடித்தால் நிறம் மங்கிவிடுமோ என்று அதை மட்டும் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தார்.

அந்த வாரம்தான் முழங்கால் வைத்தியத்துக்காக மாமனார் வந்தார். சங்கத்தில் டாக்டர் அடிக்கடி எடுத்துவிடும் சீட்டு இவர். "எங்க மாமனார் முப்பத்திநாலு வருஷம் ரயில்வே" என்பார். என்ன வேலை என்பதை மட்டும் சொல்ல மாட்டார். யார்டில் பெட்டிகளைக் கழுவும் ஆட்களுக்கு மேஸ்திரி. வேறு அறை இல்லாததால் ரயில் அறையிலேயே கட்டில் போட்டார்கள். பெரியவர் கால் நீட்டினால் முழங்கால் வரை குகைக்கு அடியில் போய்விடும்.

முதல் நாள் மாலையே டாக்டர் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, விளக்கைப் போட்டு, கைகட்டி நின்றார். நிஜ ரயில்காரர் ஒருவர் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஆசை. பெரியவர் ஒரு பெட்டியை எடுத்தார், திருப்பினார், விரலால் தடவினார், விரலைப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, இப்படி விட்டு வெச்சிருக்கீங்க?"

"அதான் மாமா விஷயமே. இந்த அழுக்கு வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஆகும், ஆகும்" என்று பெரியவர் பெட்டியைப் பரிவோடு கீழே வைத்தார். "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் கிளினிக். உங்களுக்கு எங்க நேரம்."

டாக்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பாராட்டு எந்த உருவத்தில் வந்தாலும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மதியம், கீழே ஒருவர் வாயில் பல் பாலம் ஒன்றை ஒட்டிவிட்டு, சாப்பிடுவதற்கு முன் பெட்டிகளை ஒரு பார்வை பார்க்கலாம் என்று ரயில் அறைக்குப் போனார். ஸ்பிரிட் வாசனை வந்தது. கிளினிக்கிலிருந்து கிளினிக்குக்கே திரும்பி வந்துவிட்டோமா என்று ஒரு கணம் குழம்பினார்.

பத்துப் பெட்டிகள் தண்டவாளத்தில் வரிசையாக நின்றன. கடையில் வாங்கிய அன்று இருந்ததைவிடப் பளபளப்பு. பெட்டி நம்பர்களைத் தூரத்திலிருந்தே படிக்கலாம். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, பதினோராவதன் சக்கரத்தைக் காது குடையும் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கண்காட்சின்னு சொன்னீங்களே, இந்த லட்சணத்துல கொண்டு போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க? வந்ததிலேர்ந்து உங்க வீட்ல சும்மாதானே உக்காந்திருக்கேன். தண்ணிக்கு மசியல, கெட்டியாப் பிடிச்சிருந்துச்சு. கம்பவுண்டர் தம்பிகிட்ட ஸ்பிரிட் வாங்கிப் போட்டேன், அப்படியே வழண்டு வந்துருச்சு."

டாக்டர் வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"துணி கேட்டார், குடுத்தேன்" என்றாள் அவள்.

"எதுக்குன்னு கேக்கலையா?"

"என் உப்பு டப்பா காலியானப்ப உங்களை நான் கேட்டேனா?" அவள் முகத்தில் ரொம்ப நாளாகக் காணாத ஒரு நிம்மதி.

டாக்டர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திநாலு வருடம் அதிகாரிகள் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்க்கும்போது நின்ற அதே நிற்பு, உட்கார்ந்தபடி. முழங்கால் வீங்கியிருந்தது. விரல் நகங்களுக்குள் செம்பழுப்பாக ஏறியிருந்தது.

"சரியா இருக்கா மாப்பிள்ளை?"

"நல்லா இருக்கு மாமா" என்றார் டாக்டர். பதினோராவது பெட்டியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு பக்கம் சுத்தம், மறு பக்கம் சுத்தம். அடியில், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, அரிசி அளவுக்கு ஒரு துரு மிச்சமிருந்தது. அசல் துரு மாதிரியே இருந்தது.

பெரியவரும் எட்டிப் பார்த்தார். "அட, அங்க ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சு போல. குடுங்க இப்படி." துணியை ஸ்பிரிட்டில் தோய்த்துக் கையை நீட்டினார்.

டாக்டர் கட்டைவிரலை அந்த இடத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். "ஒண்ணும் இல்ல மாமா, நிழல்" என்றார். விரலை எடுக்கவில்லை.