அணைக்காத பெட்டி

பிற்பகல் இரண்டு நாற்பது. பட்டப்பகல். பேய் வரும் நேரமில்லை என்பீர்கள். ஆனால் நடந்தது. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், கெஞ்ச மாட்டேன்.

என் கணவர் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பவர். வேலையெல்லாம் வீட்டுப் பின்னறையில். அங்கே கம்ப்யூட்டர் ஆறு வருடமாக ஓடிக்கொண்டே இருந்தது. தினமும் அணைத்து அணைத்துப் போட்டால்தான் சீக்கிரம் கெடும் என்பது அவர் கட்சி. சும்மா ஓடினால்தான் தேயும் என்பது என் கட்சி.

"அணைச்சிட்டு வந்து படுங்க" என்பேன்.

"அணைச்சிட்டுப் படுக்கணுமா, படுத்துட்டு அணைக்கணுமா?"

தினமும் இதே கிண்டல். தினமும் சிரித்திருக்கிறேன்.

அவர் போய் மூன்று மாதம். நான் கட்சி மாறிவிட்டேன். அணைத்தால் பாஸ்வேர்டு கேட்கும். அது அவரோடு போய்விட்டது. திரையில் அவர் கடைசியாகத் தட்டிய பக்கம். என் பெயர், ஒரு காற்புள்ளி. அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒரு சிறு கோடு துடித்துக்கொண்டிருந்தது, மிச்சத்தைச் சொல்ல வருவதுபோல. போட்டோ எடுத்து வைத்துக்கொள் என்றார்கள். போட்டோவில் கோடு துடிக்காது.

என் கொழுந்தன் எலக்ட்ரீஷியன். அன்று வந்தவன் சுவிட்ச் போர்டைத் தொட்டுப் பார்த்தான்.

"அனலா கொதிக்குது அண்ணி. ஒருநாள் வீடே பத்திக்கும்."

"பத்தட்டும்."

"செத்துப்போன அண்ணனுக்கு எதுக்கு கரண்ட்டு?"

"உனக்கு எதுக்கு வாய்?"

பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

மேசைக்கடியில் யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. டீக்... டீக்...

"பேட்டரி பத்து நிமிஷம் தாங்கும். அதுக்குள்ள மனசைத் தேத்திக்குங்க." பிளக்கைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நேரே உட்கார்ந்தேன்.

"அவன் கிடக்கான். நீங்க அணையாதீங்க" என்றேன் திரையிடம்.

இரண்டு ஐம்பது. டீக்... டீக்...

மூன்று மணி. அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

மூன்று ஐந்து. சத்தம் நின்றது.

திரை அணையவில்லை.

"அண்ணி... எழுந்து வாங்க."

"மாட்டேன்."

டக்.

விசைப்பலகை மேல் என் கை இல்லை. அவன் கையும் இல்லை.

டக்... டக்.

காற்புள்ளிக்குப் பின்னால் ஒரு சொல்.

அணை.

கம்ப்யூட்டர் பெட்டிமேல் கை வைத்தேன். இயந்திரச் சூடு இல்லை.

உடம்புச் சூடு.

அவன் கையிலிருந்து பிளக் விழுந்தது. நானே எடுத்துச் செருகினேன். மூன்று பத்து.

மறுநாள் காலை பேட்டரிக் கடையிலிருந்து போன்.

"சார் பழைய பேட்டரியைக் கழட்டிக் குடுத்துட்டுப் போனாரும்மா. புதுசு வந்து மூணு மாசமாச்சு. வாங்கிக்க வரலையே?"

கொழுந்தனை வரச் சொன்னேன். யு.பி.எஸ்ஸின் அடிமூடியை மட்டும் திறந்தான். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. மூலையில் ஒட்டடை.

மூடியைப் பழையபடி போடச் சொன்னேன். பெட்டி ஓடுகிறது. ஓடும்.

வாசல்வரை போனவன் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணி... அண்ணன் எதை அணைக்கச் சொல்றாரு?"