வராதவருக்குப் போட்ட நாற்காலி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்து, இன்ஜினியரிங் படித்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறேன். யாரிடமும் கைகட்டி நின்றதில்லை.

போன மழைக்காலத்தில் ரத்த வாந்தி எடுத்தேன். டாக்டர் என் மகனைவிடச் சின்னவர். "பெரியவரே, ஈரல் போச்சு. இனிமே குடிச்சீங்கன்னா என்னால காப்பாத்த முடியாது" என்றார். பட்டறையில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் நானே கழற்றிச் சரி பண்ணுகிறவன். இதையும் அப்படிச் சரி பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு மறுபடி குடித்தேன்.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற இடம் ஒன்று இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். எங்கே என்று அவரிடம் கேட்கக் கூச்சம். வழக்கமாகப் போகிற பிராந்திக் கடையில் பரிமாறுகிறவரைக் கேட்டேன். ஊரில் குடிக்கிறவர்களைப் பற்றி அந்த ஆளுக்குத் தெரியாதது கிடையாது.

"சாரம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்து மாடியில நடக்குது மொதலாளி. ஞாயித்துக்கெழம சாயங்காலம். நம்ம கஸ்டமருங்களே கொஞ்சம் பேரு போனாங்க."

"போயி?"

"போனவங்க திரும்பி வரல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் முதுகில் என்னவோ ஊர்ந்த மாதிரி இருந்தது.

அந்த ஞாயிறு மழை மூடிக்கொண்டு நின்றது. நான் மாடி ஏறும்போதே கரண்ட் போய்விட்டது. வகுப்பறையில் மேசைமேல் ஒரு மெழுகுவத்தி. சுவரோரமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முகம் தெரியவில்லை, கால்கள்தான் தெரிந்தன. மெழுகுவத்திக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நாற்காலி காலியாக இருந்தது. கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, நான் போனால் முன் நாற்காலிதான். நேரே போய் உட்கார்ந்தேன்.

வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. பேச்சு நின்றது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பி அப்படியே இருந்தது. பிறகு இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழட்டுக் குரல் ஆரம்பித்தது.

"காலையில ஒம் பொண்டாட்டி எப்படா கோயிலுக்குக் கெளம்புவான்னு கண்ண மூடிக்கினு கெடந்த. வாசக்கதவு சாத்தற சத்தம் கேட்டதும் எழுந்துட்ட. கிளாசு தேடக்கூட ஒனக்குப் பொறுமையில்ல. சாமி ரூம்ல இருந்த சொம்புல ஊத்திக் குடிச்ச. அப்புறம் அதக் கழுவி, பழையபடி விபூதி பூசி, இருந்த எடத்துலயே வெச்ச."

அன்று காலை நான் செய்தது அதுதான். வீட்டில் வேறு யாருமே இல்லை.

இன்னொரு குரல் தொடர்ந்தது. "மத்தவன்தான் சாவான், நம்ம ஒடம்பு இரும்புன்னு நெனைக்கிற. ஒன்னத் தூக்கப்போற நாலு பேரும் ஒங்கூட ஒக்காந்து குடிச்சவனுங்களா இருப்பானுங்க, பாரு."

பிணத்தை நடுவில் கிடத்திவிட்டு, சுற்றி உட்கார்ந்து அதனிடமே பேசுவார்களே, அப்படி இருந்தது. யாரும் என்னிடம் பதில் எதிர்பார்க்கவில்லை. மூச்சு ஓடுகிறதா என்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

"எவன்யா சொன்னது? எம் பொண்டாட்டி வந்து சொன்னாளா?"

ஒருவர் மெழுகுவத்தியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். தொப்பி போட்ட பாய். கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான்.

"கோச்சிக்காதீங்கண்ணே. ஒங்களப் பத்தி யாரும் பேசல. அவங்க அவங்க பழைய கதையத்தான் சொன்னாங்க. இது வராதவருக்குப் போடற நாற்காலி. இன்னும் வெளிய குடிச்சிக்கினு இருக்காரே, அவருக்கு. அவர் வந்து ஒக்காந்திருக்கற மாதிரி நெனச்சி, நீ நீன்னு சொல்லுவோம். இங்க அது வழக்கம்."

"ஆளு ஒக்காந்திருக்கறது தெரியலியா?"

"தெரிஞ்சுது."

"அப்ப எழுப்ப வேண்டியதுதான?"

பாய் மெழுகுவத்தியை மேசைமேல் வைத்தார். "இதுல இதுவரைக்கும் யாரும் ஒக்காந்ததில்லண்ணே. நாங்களே பயந்துட்டோம், நெசமாவே வந்துட்டாரோன்னு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிழட்டுக் குரல்காரர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். "அந்தச் சொம்பு... ஒங்க வூட்லயும் அப்படியாங்க?"

என் வாயிலிருந்து "ஆமா" என்று வந்தது. வெளி ஆளிடம் அதை ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் பட்டறை கட்டிய கதையைத்தான் எடுத்தேன். யாரும் உச்சுக்கூடக் கொட்டவில்லை. எல்லோரும் சிவப்பு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். என் பேச்சும் தானாக 'நீ' என்று மாறியது.

"மோட்டார் ரூம்ல ஒரு பாட்டில் ஒளிச்சி வெச்சிருக்க. வூட்டுக்குப் போனதும் நேரா அங்கதான் போவ. போனியோ, செத்த."

போனேன். பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தேன். இன்றுவரை தொடவில்லை. ஒரே அறுப்பில் விட்டவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் என்று பாயே சொல்லுவார்.

ஞாயிறு தவறாமல் போகிறேன். விளக்கு நன்றாக எரிகிற நாளில் அது வெறும் பிளாஸ்டிக் நாற்காலி. மழை மூடி வெளிச்சம் மங்கினால் அதில் ஆள் தெரிகிறது. என் வெள்ளைச் சட்டை, என் தொப்பை, ஈர உதடு. மற்றவர்கள் பேசுவதை அவன் கேட்பதே இல்லை. குடிக்கக் கிளம்பலாமா என்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலாளிக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டார்கள். சிவப்பு நாற்காலியை அடியில் போடுகிறேன். மற்றதையெல்லாம் அதன்மேல் ஏற்றி, கை வைத்து ஒரு அழுத்து அழுத்திய பிறகே படி இறங்குகிறேன்.