தலைகீழாய் மாட்டிய கொண்டி

எங்கள் புழக்கடை கேட்டில் இருக்கும் இரும்புக் கொண்டி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒவ்வொரு முறையும் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, "எந்தப் புத்திசாலிங்க மாட்டுனது?" என்பார். "எனக்கு முன்னாடி இருந்த ஆளுங்க" என்று நானும் கூசாமல் சொல்லுவேன். மாட்டியவன் நான்தான். அவசரத்தில் மாட்டினேன். சரி பண்ணப் பத்து நிமிஷம் போதும். இத்தனை வருஷமாகப் பண்ணவில்லை.

வெண்ணந்தூரில் தறிக்கு உதிரி பாகம் விற்கிற கடை எனக்கு. மகள் பிரசவத்துக்கு ஒரு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று பெங்களூருக்குப் போன என் மனைவி, அந்தப் பேரன் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் வரவில்லை. சண்டையெல்லாம் இல்லை. அங்கே தேவைப்பட்டாள், இங்கே அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்று நினைத்துக்கொண்டாள். நானும் போனில் ஜோக் அடித்து அதை உறுதிப்படுத்திக்கொண்டிருந்தேன். அந்த வருஷங்களில் எனக்குப் பேச்சுத் துணை பக்கத்து வீட்டு பாய். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே புழக்கடை, ஒரே கேட். பாய் சாக்கு வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். மனைவி இறந்து, அந்த அம்மா வளர்த்த வாத்துகளோடு தனியாக இருந்தார்.

எல்லாம் வெள்ளை வாத்து. அதில் ஒரு பெட்டை, அந்த அம்மா மடியில் வைத்து வளர்த்தது. கேட்டுக் கொண்டி 'கணீர்' என்று விழுந்ததும் முதலில் கத்துவது அதுதான். அதற்குப் பிறகுதான் மற்றவை சேர்ந்துகொள்ளும். பாய் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது, கேட் திறந்தே கிடந்தாலும் கொண்டியைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டுவார். ஏன் என்று கேட்டேன். "அது கத்துனாத்தான் தம்பி, ஊட்டுல ஆளு இருக்கற மாதிரி இருக்குது" என்றார். நான் உடனே, "என்னூட்ல ஃப்ரிட்ஜ் கத்துதுங்க பாய், அதே கணக்குத்தான்" என்றேன். சிரித்தார்.

ஒரு வருஷம் கண் ஆபரேஷனுக்காக மேட்டூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரு மாசம் போனார். அப்போது மொத்தம் பதினொன்று. கிளம்பும்போது, "ஒரு ஆணுக்கு அஞ்சாறு பெட்டை இருக்கோணும் தம்பி. இந்த ஈட்டுக் குஞ்சுகள்ல ஆணா நாலு கூடிப்போச்சு. ஏரிக்கரை வாத்துக்காரர் வருவாரு, அந்த நாலையும் குடுத்துரு. எது எதுன்னு காட்டட்டுமா?" என்றார். "வாத்துல ஆணு பொண்ணு தெரியாமத்தான் இத்தன வருஷம் குடும்பம் நடத்துனனா பாய்? கண்ணப் பாத்துக்கோங்க, போங்க" என்றேன். நான் குடும்பம் நடத்திய லட்சணம் ஊருக்கே தெரியும். அவர் மரியாதைக்காகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாம் நாள் ரகளை தொடங்கியது. வாத்துத் தொட்டித் தண்ணீரில் ஒரு பெட்டையின் கழுத்தைக் கவ்விக்கொண்டு ஒன்று மேலே ஏற, அதன் மேல் இன்னொன்று, பக்கத்தில் முறைக்காக ஒன்று. கீழே கிடந்ததன் தலை தண்ணீருக்குள் போய்விட்டது. நான் விளக்குமாற்றோடு தொட்டிக்குள் இறங்கி, கூட்டத்தைக் கலைக்கும் போலீஸ் மாதிரி விளாசியதில் நனைந்தது நான் மட்டும்தான். பெட்டையின் பிடரியில் இறகே இல்லை; தோல் சிவந்து ரத்தம் கசிந்தது. ஏதோ கொள்ளை நோய் வந்துவிட்டது, பாய் திரும்பும்போது வெறும் தொட்டியைத்தான் காட்டப் போகிறேன் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்தப் பெட்டையை நல்ல துண்டில் சுற்றி, ஆட்டோ பிடித்து, கால்நடை ஆஸ்பத்திரியில் மாடுகளுக்கு நடுவே வரிசையில் நின்றேன். டாக்டரம்மா பிடரியைத் தடவிப் பார்த்து, "நோவு ஒண்ணுமில்லைங்க. ஆம்பளைங்க ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்று களிம்பு கொடுத்தார். வரிசையில் இருந்த ஒருவர், "எங்க தெருவுக்கும் அதாங்க வியாதி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வழக்கமாக அந்த ஜோக்கை அடிப்பது நான்.

மறுநாளே வாத்துக்காரர் வந்தார். எது ஆண்? கோழியில் கூவுவது சேவல். அதனால் தொண்டை கிழியக் கத்துகிற நாலைப் பிடித்துக் கூடையில் போட்டேன். வாத்துக்காரர் ஒரு பார்வை பார்த்தார். "இதுகளைத்தானுங்களா?" என்றார். "ஏனுங்க, எனக்குத் தெரியாதா?" என்றேன். ஒரு வாக்கியத்தை வாழ்க்கையில் எத்தனை தடவை சொல்லலாம் என்று ஒரு வரம்பு இருந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலையில் கடைக்குப் போய்விட்டுச் சாப்பிட வந்தேன். கொண்டி விழுந்தது. சத்தமே இல்லை. உள்ளே இருந்து ஏழெட்டுப் பேர் தொண்டை கட்டிக்கொண்டு ரகசியம் பேசுவதுபோல ஒரு கரகரப்பு மட்டும் வந்தது. தொட்டியில் முன்னைவிட மோசமான அடிதடி. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த உதவியாளர் நிதானமாகச் சொன்னார்: "கத்தறது பெட்டைங்க. ஆணுக்குச் சத்தம் வராது. வால் மேல ஒரு இறகு சுருண்டு நிக்கும் பாருங்க, அதான் ஆணு." எண்ணிப் பார்த்தேன். ஏழில் ஐந்து வால் சுருண்டிருந்தது; மீதி இரண்டு பெட்டையும் அதுகளுக்கு அடியில் கத்த வழியில்லாமல் கிடந்தன. முதலில் கத்துகிற அந்த வாத்தை, அந்த அம்மா மடியில் வளர்த்ததை, நானே கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கூடைக்குள் விட்டது ஞாபகம் வந்தது. அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக் கேட்டிலிருந்து கொண்டியைக் கழற்றினேன். நாலு ஆண்களைச் சாக்கில் பிடித்துக்கொண்டு (ஐந்தாவது என் கைக்கு அகப்படவில்லை, அதனாலேயே குடும்பத் தலைவன் ஆனது) வண்டியில் ஏரிக்கரைக்கு ஓடினேன். அங்கே வலைக்குள் நூறு வாத்துக்கு மேல், எல்லாம் ஒரே வெள்ளை. நடுவே நின்று கொண்டியை ஸ்பேனரால் 'கணீர்' என்று தட்டினேன். நூறும் கத்தின. இந்தப் பக்கம் போய்த் தட்டினேன். நூறும் கத்தின. ஏரி வேலைக்கு வந்த பெண்கள் மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டார்கள். "பூசை பண்றீங்களாஞ்சாமி?" என்றார் வாத்துக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. நல்லவேளை, பழிபோட வெயில் இருந்தது. கடைசியில் என்னை நோக்கி நாலடி நடந்து வந்து கத்திய நாலைப் பிடித்து, என் நாலைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தேன்.

கொண்டியைத் தட்டிப் பார்க்கப் பயந்து, அதை மாட்டாமலே நாளைக் கடத்தினேன்; பாய் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கியபோது, அப்போதுதான் அதை முடுக்கி முடித்திருந்தேன். தலைகீழாக. அவர் தடவிப் பார்த்தார், தூக்கினார், தட்டினார். ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் ஒன்று கத்தியது, பிறகு மற்றவை. அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் என் ஆயுசில் பாதியை விட்டேன். பாய் எண்ணினார். "ஒரு ஆணு, ஆறு பெட்டை. நல்லாத்தான் வெச்சிருக்கற" என்றார். அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். ஏழு வருஷம் நினைத்துக்கொண்டேன்.

உடம்பு தள்ளாமல் மகனோடு மேட்டூருக்கே குடிபோகிற அன்று, சாமான் வேனில் ஏறிய பிறகு, கேட்டருகே நின்று சொன்னார்: "மொதல்ல கத்துமே, அது குஞ்சா இருக்கையில எங்கூட்டுக்காரி தையல் மெசின் பெடல்ல கால மாட்டிக்கிச்சு. வலது கால் சவ்வுல கிழிசல் இருக்கும்." நான் கொண்டியைப் பிடித்துக்கொண்டேன். "வந்த அன்னிக்கே பாத்தேன் தம்பி, ஒத்தக் கண்ணுல. எந்தக் கால்லயும் இல்ல." ஏன் கேட்கவில்லை என்றேன், குரல் ஆண் வாத்துக் குரலாக வந்தது. "நீ கொண்டியக் கழட்டிக்கிட்டு ஏரிக்குப் போன கதைய பஸ் ஸ்டாப்புலயே சொல்லிட்டாங்க. அதுக்கு மேல உன்ன என்னன்னு கேக்கறது?" தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேனில் ஏறினார். பதிலுக்கு எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்திருக்க வேண்டும். வேன் கதவைச் சாத்திக் கொடுத்தேன். போன வருஷம் மேட்டூரில் அவரை அடக்கம் செய்தபோது கூட்டத்தின் கடைசியில் நின்றேன்.

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. பாய் விட்டுப்போன வாத்துகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஈட்டிலும் குஞ்சுகள் வளர்ந்ததும் வால் சுருளைப் பார்த்து, கூடுதல் ஆண்களை ஏரிக்கரையில் மாற்றிவிடுகிறேன். பிடிக்கிற ஒவ்வொன்றின் வலது காலையும் விரித்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. கடை அடைத்து வந்த பிறகு எனக்கு வெளியே ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்புகிறேன். திறந்தே கிடக்கும் கேட்டின் முன் நின்று, தலைகீழான கொண்டியைத் தூக்கித் தட்டுகிறேன். உள்ளே ஒன்று கத்துகிறது, பிறகு எல்லாம். "வாரேன், வாரேன்" என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.