மிக்சியோடு வந்த மாமா

காது குத்தியபோது வலித்ததா என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. பஸ் நின்றுபோனதுதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. அரியலூரில் குடியிருந்தோம். காதுகுத்து சிறுவாச்சூர் காளி கோயிலில். திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள், அன்று வெள்ளி. பத்தரைக்கு இராகு காலம், அதற்குள் காதில் ஓட்டை விழுந்தாக வேண்டும். அப்பா முதல் நாளே குரும்பலூர் போய்த் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அம்மாவின் அண்ணன் உடையார்பாளையத்திலிருந்து வந்ததும் அவரை அழைத்துக்கொண்டு நாங்கள் போவதாக ஏற்பாடு. மாமன் மடியில் உட்கார்ந்துதானே காது குத்த முடியும்?

அந்த மாமாவை நானும் பார்த்ததில்லை, அப்பாவைத் தவிர அவர் வீட்டார் யாரும் பார்த்ததில்லை. தன்னை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட தங்கையின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று இருந்தவர். சொல்லியனுப்பியதற்கு "பாக்கலாம்" என்று பதில் வந்திருந்தது. அந்த ஒரு சொல்லை நம்பி, அண்ணன் வருவார் என்று அம்மா குரும்பலூர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். வராவிட்டால் பெரிய அத்தை என்ன சொல்வாள் என்பது எனக்கே தெரியும். நாதியற்றவள் என்று ஏற்கெனவே சொன்னவள்தான்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டோம். மாமா வரவில்லை. மூன்றாவதில் ஏறினோம். பாதி வழியில் அது புகையைக் கக்கிவிட்டு, கருவேலங்காட்டுக்கு நடுவே படுத்துக்கொண்டது. அடுத்த வண்டி வரும் என்றார் கண்டக்டர். எப்போது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

எல்லோரும் சாலையோரம் நின்றோம். பக்கத்தில் ஒருவர் தோளில் துண்டோடும் கையில் அட்டைப்பெட்டியோடும் நின்றார். இரண்டு பைகளும் ஒரு பித்தளைக் குடமும் நானுமாகத் தடுமாறிக்கொண்டிருந்த அம்மா அவரிடம், "அண்ணே, இந்தக் குடத்தைக் கொஞ்சம் புடிங்க" என்றாள்.

அம்மா யாரை அண்ணே என்கிறாளோ அவர் எனக்கு மாமா. பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இரண்டும் கூட்டத் தெரியாதபோதே எனக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. ஆக மாமா வந்துவிட்டார். எனக்கு ஒரே நிம்மதி.

"மாமா, பொட்டியில என்ன?"

"மிக்சி, பாப்பா. ஓட மாட்டேங்குது. டவுன்ல காட்டணும்."

திருச்சிக்குப் போன ஒரு டெம்போவை அவர்தான் கைகாட்டி நிறுத்தினார். அதில் ஏறியதும் நான் மாமா மடியில் தூங்கிப்போனேன். அவர் பெரம்பலூர் நாலு ரோட்டில் இறங்க வேண்டியவராம். "புள்ள அசந்து தூங்குது. கோயில் வாசல்ல எறக்கிவுட்டுட்டுப் போறேன் தங்கச்சி" என்று கூடவே வந்துவிட்டாராம். இதெல்லாம் பின்னால் அம்மா சொன்னது.

கோயில் வாசலில் எங்களை எதிர்கொண்டது பெரிய அத்தைதான். "என்னடி, மாமன் வந்தாச்சா?" என்று என்னைத்தான் கேட்டாள், அம்மா காதில் விழும்படி.

"இதோ!" என்று கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.

அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா வந்துவிட்டார். அவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"வாங்க மச்சான்" என்றார். "ஏன் இவ்ளோ நேரம்? எல்லாரும் உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

 அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அத ஏன் கேக்குறீங்க மாப்ள, பஸ்ஸு வழியில படுத்துடுச்சு" என்று சொல்லிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த தோட்டை அம்மா அவர் கையில் கொடுத்தாள். பத்தரைக்கு முன்னால் அவர் மடியில் உட்காரவைத்து எனக்குக் காது குத்தினார்கள். காது என்னுடையது, தேம்பித் தேம்பி அழுதது அம்மா. பெரியவர்களுக்கு வலி தாங்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் பெரிய அத்தை அட்டைப்பெட்டியைத் தூக்கிச் சீர்த்தட்டுகளுக்கு நடுவில் வைத்து, "மாமன் மிக்சியே கொண்டாந்திருக்காரு!" என்று வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். புறப்படும்போது மாமா அசராமல் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இதுல ஒரு சின்னக் கோளாறு இருக்கு. சரிபண்ணித் தரச் சொல்லிட்டு வரேன்" என்றார். அத்தையும் தலையாட்டினாள். அந்த மிக்சி வரவே இல்லை என்று அத்தைக்கு இன்றுவரை குறை.

அடுத்த வருஷப் பொங்கலுக்கு மாமா ஏன் வரவில்லை என்று கேட்டு அம்மாவை நச்சரித்தேன். பஸ் கிடைத்திருக்காது என்றாள். நம்பினேன். எந்த ஊர், என்ன பேர் என்று அவரிடம் யாருமே கேட்டுக்கொள்ளவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? சொந்த மாமா கடைசிவரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அப்பா தன் வாயால் ஒருவரை மச்சான் என்று கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான்.