இடப்பக்கத்து ஓட்டுநர்

“இருபத்தாறு ஆண்டுகள் ஒரு விபத்துமின்றி ஓட்டியவர். எந்த வாகனத்தையும் எந்தச் சாலையிலும் ஓட்டத் தகுதி வாய்ந்தவர்.”

சவூதியில் ஓர் எண்ணெய்க் கம்பெனி வேலையிலிருந்து விடைகொடுத்த நாளில் சுந்தரராஜுக்கு வழங்கிய நற்சான்று இது. மில்லர்புரம் வீட்டு முன்னறையில், சபையில் கொடுத்த வேதாகம வாக்குத்தத்த வசனத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதை வாசித்துவிட்டு வெளியே வருகிறவர்கள், வாசல் கேட்டுக்கு இடப்பக்கத் தூண் இல்லாததைக் கவனிப்பார்கள். காரணம் கேட்டால், அவர் மனைவி தேவகனி டீச்சர் அந்தச் சான்றிதழைக் கைகாட்டுவார்.

சான்றிதழில் பொய் ஒன்றுமில்லை. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். மணல் காற்றிலும் டிரெய்லரைக் கோடு பிசகாமல் கொண்டுபோனவர் சுந்தரராஜ். ஊருக்கு வந்து வாங்கிய காரிலோ எல்லாம் தலைகீழ். கியர் போட வலக்கை நீளும், கதவில் இடிக்கும். திரும்புவதற்கு இண்டிகேட்டரைத் தட்டினால், காய்கிற வெயிலில் வைப்பர் ஆடும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தமக்கு இடப்பக்கம் இன்னொரு முழு இருக்கை இருக்கிறது என்பதை மட்டும் அவர் உடம்பு நம்ப மறுத்தது. தூண் விழுந்தது அப்படித்தான்.

டீச்சருக்கு அவர் கொடுத்திருந்த வாக்கு ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை லீவில் போன் பண்ணும்போதெல்லாம் சொல்வார்: “நான் வந்த பொறவு நீ பஸ் ஏற வேண்டாம், கேட்டியா. நானே ஓட்டிக் கூட்டிட்டுப் போவேன்.” நாசரேத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கு வேலைக்காலம் முழுக்கப் பஸ்ஸில் நின்றபடியே போய்வந்தவர் டீச்சர். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார் என்றும் சொல்லலாம்.

முதல் பயணம் நாசரேத்தில் இருக்கும் டீச்சரின் அக்கா வீட்டுக்கு. முக்காணிப் பாலத்துக்கு முன்னால் இடப்பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கின. டீச்சரின் ஜன்னலுக்கு நேரே வாழைத்தோட்டம் வந்து நின்றது.

“நிறுத்துங்க,” என்றார் டீச்சர். இறங்கிப் பையை எடுத்துக்கொண்டார். “நீங்க மெதுவா வாங்க. நான் பஸ்ல முன்னால போயி, நீங்க வாரியன்னு சொல்லி வைக்கேன்.”

காலிக் காரை ஓட்டிக்கொண்டு, அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே சுந்தரராஜ் நாசரேத் வரை போனார்.

முத்தையாபுரத்தில் முப்பிடாதி என்றொரு மெக்கானிக். இடப்பக்க ஸ்டியரிங் வைத்த பழைய ஜீப் ஒன்றை வலப்பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தவர் என்று பெயர். இடத்தை வலமாக்கத் தெரிந்தவருக்கு வலத்தை இடமாக்கத் தெரியாதா என்பது சுந்தரராஜின் கணக்கு. காரை அங்கே கொண்டுபோனார். டீச்சரும் வந்தார், பஸ்ஸில்.

முப்பிடாதி பானெட்டைத் திறந்து பார்த்தார். “மாத்தலாம் அண்ணாச்சி. டேஷ்போர்டப் பிரிச்சு, பெடலு, ஸ்டியரிங், வைப்பர் எல்லாத்தையும் அங்கன தூக்கிப் போடணும். ஆனா அந்த ஜீப்ப ரோட்டுக்குத் தோதா மாத்துனேன். நீங்க ரோட்டுக்கு எதிரால்லா மாத்தச் சொல்லுதிய. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒத்துக்கிட மாட்டாவ.”

“ஆபீஸ நான் பாத்துக்கிடுதேன்.”

“ரோட்ட யாரு பாத்துக்கிடுவா? முன்னால ஒரு உப்பு லாரி போவுதுன்னு வைங்க. நீங்க இடது ஓரத்துல இருக்கிய. லாரி முதுகத் தவிர ஒண்ணும் தெரியாது. எதுத்தாப்புல வண்டி வருதான்னு அக்காதான் வலது பக்கம் எட்டிப் பாத்துச் சொல்லணும்.”

டீச்சர் நிமிர்ந்தார். “அப்பம் நான் போங்கன்னா இவுக போவாக, நில்லுங்கன்னா நிப்பாக?”

“அவ்வளவுதான்க்கா.”

“அதுக்கு எதுக்கு அத அங்கன தூக்கிட்டுப் போகணும்? இருக்கிற எடத்துல இருக்கட்டும். நானே ஓட்டுதேன்.”

சுந்தரராஜ் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். “ஏளா, நீ சைக்கிள்கூட ஓட்டுனதில்லயே.”

“நல்லதாப் போச்சு. மறக்கதுக்கு ஒண்ணுமில்ல.”

சுந்தரராஜ் வாடிய முகத்தோடு பானெட்டைச் சாத்தினார். ஓட்டுவது ஒன்றைத்தான் அவர் கற்றிருந்தார். கொடுத்த வாக்கும் அதை நம்பித்தான். முப்பிடாதிக்கு அந்த முகம் பொறுக்கவில்லை. “டிரைவிங் ஸ்கூல் வண்டில இருக்கிற மாரி இடது பக்கம் ஒரு கிளட்ச்சு, ஒரு பிரேக்கு போட்டுத் தாரேன் அண்ணாச்சி. நீங்க கேட்ட பக்கந்தானே.”

“ஹாரன்?”

“ஹாரன் வேண்டாம்,” என்றார் டீச்சர்.

உப்பளத்துச் சாலையில் காலை நேரப் பாடம் தொடங்கியது. விநோதம் என்னவென்றால், இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்ததும் பழைய சுந்தரராஜ் திரும்பி வந்துவிட்டார். சாலையின் ஓரம் அவருக்கு விரற்கடைகூடப் பிசகாமல் தெரிந்தது. குரலை உயர்த்தவில்லை. “கொஞ்சம் வலத்த பிடி. போதும். லாரி போகட்டும், அவன் அவசரம் அவனுக்கு.” வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை அதட்டியே பழகிய டீச்சருக்கு, அதட்டாமலும் பாடம் நடத்தலாம் என்பது புதிதாக இருந்தது. லைசென்ஸ் டெஸ்டில் ஒருமுறை தோற்று மறுமுறை தேறினார்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் நாசரேத்துக்குக் கிளம்பினார்கள். முக்காணிப் பாலம் தாண்டியதும் முன்னால் அதே பஸ். டீச்சர் எட்டிப் பார்த்தார், இண்டிகேட்டரைப் போட்டார், முந்தினார். சுந்தரராஜின் கால் பிரேக்கின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

சொன்ன வாக்குப்படி சுந்தரராஜ் இன்றுவரை தேவகனி டீச்சரை நாசரேத்துக்கு ஓட்டிக் கூட்டிப் போகவில்லை. அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.