இரவல் போகும் பன்னிரண்டாம் தலைமுறை

"கொஞ்சம் எழுந்திரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்த கணினியை அணைக்கிறார் பன்னெண்டு அண்ணன். பக்கத்து மூடியைக் கழற்றி, விசிறியைத் தூக்கி, அதன் அடியிலிருக்கும் புராசசரை இரண்டு விரலால் எடுக்கிறார். அதன் முதுகில் அப்பியிருக்கும், சூடு கடத்தும் வெள்ளைப் பசையைத் துடைத்து, மூக்குக் கண்ணாடிப் பெட்டியில் பஞ்சு விரித்துப் படுக்க வைக்கிறார். மிச்சப் பசை சட்டைப் பையில் ஒட்டிக்கொள்ளும். பாதிப் பல் தேய்க்கும்போதே யாரோ கூப்பிட்டு ஓடி வந்தவர் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

"இன்னைக்கு யாருக்கு?" என்பாள் அவர் மனைவி, எனக்கு அக்கா.

"கேட்டாங்க" என்பார். அந்த வீட்டில் அதற்கு மேல் விளக்கம் கிடையாது. மாடியில் குடியிருக்கும் நான்தான் விளக்க வேண்டும்.

புராசசர் கணினியின் மூளை. அது உட்காரும் பலகை மதர்போர்டு. புதிய தலைமுறைப் புராசசரை வாங்கி, கடையில் கொஞ்ச காலம் தூங்கிய போர்டில் பொருத்தினால் கச்சிதமாக உட்காரும். திரை மட்டும் இருட்டாகவே இருக்கும். போர்டு தயாரானபோது அந்தத் தலைமுறை பிறக்கவே இல்லை. அதற்கு ஆளைத் தெரியவில்லை. போர்டுக்குள் இருக்கும் பயோஸ் என்ற நிரலைப் புதுப்பித்தால் தெரிந்துகொள்ளும். புதுப்பிக்க வேண்டுமானால் போர்டு ஓட வேண்டும். ஓட வேண்டுமானால் அதற்குத் தெரிந்த பழைய தலைமுறை ஒன்று உள்ளே உட்கார வேண்டும். விலை கூடிய போர்டுகளில், புராசசர் இல்லாமலே புதுப்பித்துக்கொள்ள, இந்தத் தொல்லைக்கென்றே ஒரு பொத்தான் உண்டு. எங்கள் வட்டாரத்தில் யாரும் அவ்வளவு செலவழிப்பதில்லை. பன்னிரண்டாம் தலைமுறை வைத்திருக்கும் அண்ணனைக் கூப்பிடுகிறார்கள்.

அண்ணனின் பிழைப்பு செருப்புக் கடையில். மதியத்துக்கு மேல் போய், வருகிறவர் காலைப் பிடித்து அளவு பார்ப்பார். அதற்கு முன்பு வரை தலைமுறை பார்ப்பார். "என்கிட்ட இருக்கறது ஐ செவன்" என்று யாராவது நெஞ்சை நிமிர்த்தினால் போதும்.

"அது பதவி. மாப்பிள்ளைன்னு சொன்னா ஆச்சா? எந்த வீட்டு மாப்பிள்ளை? கோட்டுக்கு அப்புறம் வர்ற நம்பரைப் படி, அதுலதான் தலைமுறை இருக்கு."

ஏழாம் தலைமுறைக்கான போர்டில் எட்டாவதை வைத்துவிட்டு, இரண்டுக்கும் ஊசி எண்ணிக்கை ஒன்றுதானே என்று ஒருவர் இவரிடம் வாதாடினார். "ஒரே அளவுன்னுதான் போட்டிருக்கும். காலும் உள்ள போகும். நடந்து பாருங்க" என்றார். அவர் நடக்கவில்லை. வேறு போர்டு வாங்கினார்.

புராசசரைத் தனியே அனுப்புவதில்லை என்பது அண்ணனின் கொள்கை. கூடவே போய், அது வேலை முடித்து வெளியே வரும்வரை அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பார். சாப்பிடச் சொன்னால் தண்ணீர் மட்டும் கேட்பார். பெண்ணைப் பரீட்சை எழுத உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தகப்பன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். "இரவல் கொடுக்கறதுக்குன்னு இன்னொண்ணு வாங்கி வெச்சுக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு இருந்தா அது கடை தம்பி. ஒண்ணு இருந்தாத்தான் உதவி."

இந்த உதவியில் அடிபடுவது அக்காவின் பிழைப்பு. ஒரு பல் மருத்துவமனைக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தே கணினி வழியாக எடுத்து நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. அண்ணன் ஊருக்கு உபகாரம் செய்யும்போதெல்லாம் பல்வலிக்காரர்கள் போனைக் காதில் வைத்தபடி துடிப்பார்கள். இன்னொரு தடவை ஆளைக் காணோமென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டு வாடகை அவள் சம்பளத்தில்தான் போகிறது.

போன வாரம் அந்த மருத்துவமனையிலிருந்தே அழைப்பு வந்தது. வரவேற்பு மேசைக்குப் புதுக் கணினி பூட்டியிருக்கிறார்களாம்; பதினாலாம் தலைமுறை; திரை வரவில்லையாம். கூப்பிட்டவர் அங்கே கணினி பார்க்கும் மெக்கானிக். அண்ணன் திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டார்.

"இன்னைக்குமா? என் வேலை போயிடுங்க!" என்றாள் அக்கா.

"உன் டாக்டர் இடத்துக்குத்தானே போறேன்? நீ குறிச்சுக் குடுக்கறதெல்லாம் அந்த மெஷினுக்குத்தானே போகுது? அது ஓடாம நீ ஓடி என்ன செய்ய?"

அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். என் ஸ்கூட்டரின் பின்னால், கண்ணாடிப் பெட்டியை இரு கையாலும் பிடித்தபடி அண்ணன் ஏறிக்கொண்டார்.

மருத்துவமனைக் கூடம் முழுக்க வீங்கிய கன்னங்கள். அண்ணன் போர்டும் புராசசரும் வந்த அட்டைப் பெட்டிகளைத் திருப்பிப் படித்தார். "போர்டுக்கு இவரைத் தெரியல, அவ்வளவுதான்" என்றார். புதியதை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தார். திரை பளிச்சென்று எழுந்தது. மெக்கானிக் கைதட்டினார், கன்னம் வீங்கியவர்களில் இரண்டு பேர் வலியோடு சிரித்தார்கள். பயோஸ் புதுப்பிப்பு தொடங்கி, திரையில் ஒரு கோடு எறும்பு போல ஊர்ந்தது. அண்ணன் முக்காலியை இழுத்துப்போட்டுச் சுவர் சுவிட்சுக்குக் காவலாக உட்கார்ந்தார்.

"முடியற வரைக்கும் யாரும் இந்தச் சுவிட்சைத் தொடக்கூடாது. நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு செத்துடும்" என்று கூடத்துக்கே அறிவித்தார். உள்ளறை வாசலில் கையுறையோடு நின்றிருந்த டாக்டரும் கேட்டுத் தலையாட்டினார்.

தலையாட்டியவர் வரவேற்பு மேசைப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "போன் எடுக்கற அந்தம்மா எங்க? காலையிலேர்ந்து யார் கூப்பிட்டாலும் எடுக்கலையாமே?"

"ஆளே லைன்ல இல்ல சார்."

"அப்போ வேண்டாம். நாளையிலேர்ந்து வரவேண்டாம்னு சொல்லிடு. இப்பவே கூப்பிட்டுச் சொல்லு."

வீட்டில் இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்காவை நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணன் மேலா, டாக்டர் மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் கோடு பாதியைத்தான் தாண்டியிருந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்றார், செருப்புக் கடையில் பேசும் அதே பணிவோடு. "அந்தம்மாவோட புராசசர்தான் இப்ப உங்க மெஷின்ல ஓடிக்கிட்டிருக்கு. நான் அவங்க வீட்டுக்காரன். என்னமோ சொல்லணும்னீங்களே, என்கிட்டயே சொல்லுங்க."

சொல்லிவிட்டு, பசை காயாத ஆட்காட்டி விரலை அந்தச் சுவிட்சின் மேல் மெதுவாக வைத்தார்.